பிப்ரவரி கடைசி: ஏரி உள்வாயில் நிற்கும் உள்ளான்கள் எவை? கடைசித் தேதியை எப்படிக் குறிப்பது?

ஏரிக்கரை:
வணக்கம். மதுராந்தகம் பக்கத்து நடுத்தர ஏரி ஒன்று. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதால் மேற்கே உள்வாயில் (கரைக்கு எதிர்ப்பக்கம், ஆழமில்லாத பகுதி) சேறு நன்றாகத் தெரிகிறது. காலை 6.45 முதல் 8.30 வரை பார்த்தவை: நெடுங்கால் உள்ளான் 60க்கு மேல், நீலச்சிறகி வாத்து ஏறத்தாழ 200, தட்டைவாயன் வாத்து 14, கருவால் மூக்கன் (நீண்ட மூக்குள்ள கரைப்பறவை) 20, கூட்டமாகத் தகைவிலான்கள். இவை போக, பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகச் சின்ன உள்ளான்கள் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்) 25 வரை. பொறி உள்ளான், கருப்பு உள்ளான், சாதா உள்ளான் மூன்றும் கலந்திருக்கும்போல. என் தொலைநோக்கி 8x42. தூரத்தில் மூன்றும் ஒன்றாகவே தெரிகின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும்? வலசை கிளம்பும் நேரத்தில் “கடைசியாகப் பார்த்த தேதி” என்று எதை எழுதுவது?

கலங்கல்:
முதலில் பறவையைப் பார்க்காதீர்கள், அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். மதகுப் படியிலும் கரைக்குப் பதித்த கருங்கல்லிலும் தனியாக ஓடித் திரிவது பெரும்பாலும் சாதா உள்ளான். கலங்கலுக்கு (ஏரியின் உபரி நீர் வழிந்தோடும் இடம்) கீழே தேங்கிய குட்டையிலும், இருபுறமும் புதர் மூடிய வாய்க்காலிலும் ஒன்றிரண்டாக ஒளிந்து நிற்பது கருப்பு உள்ளான். திறந்த சேற்றிலும் அறுவடை முடிந்து தண்ணீர் நின்ற வயலிலும் பத்து இருபதாக மேய்வது பொறி உள்ளான். உங்கள் 25இல் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இடம் துப்பு மட்டும்தான். உறுதிசெய்ய உடலைப் பார்த்தாக வேண்டும்.

சாதா உள்ளானுக்குத் தோளைப் பாருங்கள். வயிற்றின் வெள்ளை, மார்புக்கும் மடித்த சிறகுக்கும் நடுவே ஆப்பு மாதிரி மேலேறும். வால் சிறகு நுனியைத் தாண்டி நீளும், பின்பக்கம் ஓயாமல் ஆடும். பறக்கும்போது தண்ணீரை ஒட்டியே போகும். சிறகை வளைத்துப் பிடித்து, விட்டு விட்டு வெட்டி அடிக்கும். சிறகில் வெள்ளைக் கோடு தெரியும், பிட்டத்தில் வெள்ளை இருக்காது.

மற்ற இரண்டுக்கும் பிட்டம் வெள்ளை. அங்கேதான் குழப்பம். பொறி உள்ளானின் கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும்; முதுகில் வெள்ளைப் பொறிகள் தாராளமாகத் தெளித்திருக்கும்; கால் மஞ்சள் கலந்த பச்சை, உடலுக்குச் சற்று நீளம். கருப்பு உள்ளானின் வெள்ளை கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். முதுகு ஏறக்குறைய ஒரே இருட்டு. மார்பின் கருமை ஒரு கோட்டில் சட்டென நின்று வெள்ளை தொடங்கும். எழும்பும்போது ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க நேரம் கிடைக்கும்: சிறகின் அடிப்பக்கம். கருப்பு உள்ளானுக்கு அது கரி நிறம், பொறி உள்ளானுக்கு வெளிர் நிறம். பொறி உள்ளானின் கால்விரல்கள் வாலைத் தாண்டித் தெளிவாக நீட்டித் தெரியும்.

குரல் தெரிந்தால் இவ்வளவும் தேவையில்லை. பொறி உள்ளான் ‘சிஃப்-இஃப்-இஃப்’ என்று மெல்லிய, வறண்ட குரலில் கத்திக்கொண்டு எழும். கருப்பு உள்ளான் ‘ட்லூயீ-வீட்-வீட்’ என்று கணீரெனக் கத்தும். உயரமாக ஏறி வெகுதூரம் போய்விடும்.

உப்புக்கொத்தி:
கலங்கல் அண்ணன் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை: இந்த மாதத்தில் கால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். உள்வாய்ச் சேறு காய்ந்து ஒட்டினால் மஞ்சள் காலும் சாம்பலாகிவிடும். மாலை வெயிலில் அதே கால் ஆரஞ்சாகத் தெரிய, பவளக்காலி (சிவந்த கால் உள்ள இன்னோர் உள்ளான்) என்று எழுதிவிடுகிறார்கள். பவளக்காலியின் மூக்கு அடியும் சிவப்பு. பறந்தால் சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை. இந்த இரண்டில் ஒன்றையாவது பார்க்காமல் எழுதக் கூடாது.

இன்னொன்று இறகு. பல மாதம் வெயிலில் தேய்ந்த பொறி உள்ளானில் பொறிகள் பாதி உதிர்ந்து முதுகு வெறுமையாகத் தெரியும். கருப்பு உள்ளான் என்று தவறாகப் பதிவாவது பெரும்பாலும் இதனால்தான். முதுகில் ஐயம் வந்தால் புருவத்துக்குத் திரும்புங்கள், அது தேய்வதில்லை.

பிப்ரவரி, மார்ச்சின் அழகே இறகு மாற்றம்தான். உங்கள் கருவால் மூக்கன்களில் கழுத்து செங்கல் நிறமாகத் தொடங்கியவை எத்தனை, இன்னும் சாம்பலாகவே இருப்பவை எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். வாராவாரம் அந்த விகிதம் மாறும். நீலச்சிறகியில் ஆணின் வெள்ளைப் புருவப் பட்டை இப்போது தெளிவாக இருக்கும். பழுப்பாக நிற்பவை எல்லாமே பெண் என்று கொள்ள வேண்டாம், புது இறகு முழுதாக வராத ஆண்களும் அதில் இருக்கலாம். மஞ்சள் வாலாட்டிகளின் தலை நிறம் தெளிவதும் மார்ச்சில்தான். சாம்பல் தலையா, கருந்தலையா, வெள்ளைப் புருவம் உள்ளதா என்று எழுதினால் துணையினம் வரை போகலாம். தலை முழுக்க மஞ்சளாகவும் முதுகு சாம்பலாகவும் சிறகில் இரண்டு அகன்ற வெள்ளைப் பட்டையோடும் இருந்தால் அது மஞ்சள் தலை வாலாட்டி, வேறு இனம்.

சூறைக்குருவி (மைனாவுக்கு உறவான வலசைப் பறவை) மட்டும் இதற்கு விலக்கு. அது மார்ச்சில் புது இறகு போடுவதில்லை. இலையுதிர் காலத்தில் முளைத்த இறகின் மங்கிய நுனி தேய்ந்து போக, அடியில் இருக்கும் இளஞ்சிவப்பு வெளியே வருகிறது. இலவமும் முள்முருங்கையும் பூத்திருக்கும் மரங்களைக் காலையில் ஒருமுறை பாருங்கள், அங்கே கிடைக்கும்.

ஏரிக்கரை:
மிக்க நன்றி. கரையிலிருந்து பார்த்தால் உள்வாய் 300 மீட்டருக்கு அப்பால். ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்று இரவல் கிடைக்கும். எங்கே வைப்பது?

கலங்கல்:
நம் பக்கத்து நிலம் கிழக்கே சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கிலும், ஆழமில்லாத உள்வாய் மேற்கிலும் அமையும். காலையில் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால், நிறம் அருமையாகத் தெரியும். ஆனால் பறவை தூரம். மாலை 4.30க்கு மேல் உள்வாய்ப் பக்கம் போனால் வெயிலும் முதுகில், பறவையும் கிட்டத்தில். ஆகவே வாத்துகளை எண்ணக் காலையில் கரை, சின்ன உள்ளான்களைப் பிரிக்க மாலையில் உள்வாய்.

ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகாதீர்கள். சேறு சூடேறிவிட்டால், மார்ச்சில் 9 மணிக்கெல்லாம், கானல் ஆடி உருவம் கரைந்துவிடும். 20 முதல் 25 மடங்கில் வைத்தால் உருவம் சின்னதானாலும் கூர்மையாக இருக்கும். முக்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்து பாருங்கள், காற்றில் ஆடாது. படம் எடுப்பதைவிட 10 விநாடிக் காணொளி நல்லது. வாலாட்டும் விதமும் குரலும் அதில் பதிவாகும்.

உள்வாயில் நெருங்கும்போது நெடுங்கால் உள்ளான்தான் உங்கள் அளவுகோல். அது மேய்வதை விட்டுக் கழுத்தை உயர்த்தினால் அங்கேயே நில்லுங்கள். கத்தத் தொடங்கினால் பத்தடி பின்வாங்குங்கள். வலசைக்கு முன் இந்தப் பறவைகள் கொழுப்புச் சேர்க்கின்றன, அந்தக் கொழுப்புதான் அவற்றின் வழிச்சோறு. ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. கிட்டத்துப் படம் ஒன்றுக்காக அதைச் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சுடலைக்குயில்:
கடைசித் தேதி பற்றி. பலரும் செய்யும் தவறு, பறவை குறைந்ததும் ஏரிக்குப் போவதை நிறுத்திவிடுவது. அப்படி நிறுத்தினால் நீங்கள் எழுதும் தேதி பறவை கிளம்பிய தேதி ஆகாது, நீங்கள் போவதை நிறுத்திய தேதி. பொறி உள்ளானைப் பார்க்காத பட்டியல் தொடர்ச்சியாக மூன்று நான்கு வந்த பிறகுதான் அதற்கு முந்தைய தேதிக்கு மதிப்பு.

ஈபேர்டில் (பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் இணையதளம்) ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேரம், குறைந்தது 15 நிமிடம். பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்த முழுப் பட்டியல். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டுப் போட்ட பட்டியலில் ‘இல்லை’ என்பதற்குப் பொருளே கிடையாது. வாரம் ஒரு நாள், ஞாயிறு என்றால் ஞாயிறே, மே கடைசி வரை போங்கள். பொதுவாகத் தட்டைவாயனும் ஊசிவால் வாத்தும் மார்ச்சில் குறையும், நீலச்சிறகி ஏப்ரல் வரையும் நிற்கும். இறகு மாறாத இளம் உள்ளான்கள் சில கோடையிலும் தங்கிவிடுவது உண்டு. அதனால் மே மாதத்தில் ஒற்றைப் பறவை தெரிந்தால் அதன் இறகு நிலையையும் குறிப்பில் எழுதுங்கள். ஜூலை கடைசியிலேயே பொறி உள்ளான் திரும்பத் தொடங்கிவிடும், இடைவெளி அவ்வளவு குறுகியது.

‘நிறைய’ என்று எழுதாமல் எண் போடுங்கள். நீலச்சிறகிக் கூட்டத்தில் முதல் பத்தை ஒன்றொன்றாக எண்ணி, அது கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்துங்கள். இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம். இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை. பிரிக்க முடியாத உள்ளான்களை ‘இனம் உறுதியில்லை’ என்றே போடுங்கள். அதில் குறைவே இல்லை.

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ணக் கொடியோ வளையமோ இருந்தால் இடது காலா வலது காலா, முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே, எழுத்து என்ன என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. அவர்களுக்கு அனுப்பினால் பறவை எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும்.

உப்புக்கொத்தி:
ஒன்று விட்டுப்போனது. மார்ச் பிறந்தால் காய்ந்த ஏரிப் படுகையில் நடக்காதீர்கள். ஆள்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் வெறும் தரையில், கூழாங்கல்லுக்கு நடுவே முட்டை வைக்கும். கால் வைத்த பிறகுதான் தெரியும். ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினாலோ, உப்புக்கொத்தி சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாலோ, வந்த தடத்திலேயே காலடி பார்த்துத் திரும்பிவிடுங்கள்.

ஏரிக்கரை:
குறித்துக்கொண்டேன். ஞாயிறு மாலை உள்வாய் ஓரத்து வரப்பில் உட்கார்ந்து பார்த்து, கருவால் மூக்கன் கழுத்துக் கணக்கோடு பட்டியலை இங்கேயே போடுகிறேன்.