ஸ்காட்லாந்தின் அறிவொளிக் காலம்: இலக்கியத்துக்கு ஆக்கமா, இழப்பா?

நெடுவழி எழுதியது:

1757ஆம் ஆண்டு தத்துவவாதி டேவிட் ஹ்யூம் தம் நண்பர் கில்பர்ட் எலியட்டுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். அரசரையும் நாடாளுமன்றத்தையும் தன்னாட்சியையும் இழந்துவிட்டோம். உயர்குடியினரும் நம்மிடையே இல்லை. நம் உச்சரிப்பும் சரியில்லை, பேசுவதும் சிதைந்துபோன ஒரு வட்டார வழக்கு. இந்த நிலையிலும் ஐரோப்பாவிலேயே இலக்கியத்தில் மேலோங்கிய மக்களாக நாம் இருப்பது வியப்பல்லவா என்பது அக்கடிதத்தின் சாரம். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் சிந்தனை செழித்த அறிவொளிக் காலத்தைப் புகழ்பவர்கள் இதை ஒரு பெருமைச் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். நானோ அதில், தன் தாயின் பேச்சைக் கேட்டுக் கூசும் ஒருவரையே காண்கிறேன்.

இது ஒருவருடைய தனிப்பட்ட கூச்சமாக மட்டும் இருந்திருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன். ஆங்கில எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் (ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய மொழி) வழக்குகளின் பட்டியலை ஹ்யூம் 1752இல் வெளியிட்டார். பிற்பாடு ஜேம்ஸ் பீட்டியும் அதேபோன்ற பட்டியலைத் தொகுத்தார். 1761இல் தாமஸ் ஷெரிடன் என்னும் அயர்லாந்து நடிகர் எடின்பரோவுக்கு வந்து ஆங்கில உச்சரிப்புப் பற்றி உரையாற்றியபோது, நகரத்தின் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் போதகர்களும் மாணவர்களைப்போல அமர்ந்து கேட்டார்கள். அதே ஆண்டில், ஆங்கிலம் படிக்கவும் பேசவும் ஊக்குவிப்பதற்கென்றே ஒரு சங்கமும் அங்கே தோன்றியது. அடுத்த ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சொல்லணி, இலக்கியத் துறைக்கு உருவாக்கப்பட்ட புதிய பேராசிரியர் பதவியை ஏற்ற ஹ்யூ பிளேர், 1783இல் நூலாக வந்த தம் விரிவுரைகளில், கவிஞர் ஆலன் ராம்சேயின் 1725ஆம் ஆண்டு மேய்ச்சல் நில நாடகத்தை அழகானது என்று பாராட்டிவிட்டு, பழைய நாட்டுப்புற ஸ்காட்ஸில் எழுதப்பட்டிருப்பது அதற்குப் பெருங்குறை என்றும், அந்த வழக்கு விரைவில் அழிந்து எவருக்கும் விளங்காமல் போய்விடும் என்றும் தீர்ப்பளித்தார்.

தன் நாட்டுப் பேச்சுக்கு நாள் குறித்த ஒரு தலைமுறையை அந்த நாட்டு இலக்கியத்தின் பொற்காலத் தலைமுறை என்று நாம் எப்படி அழைக்கிறோம்? சிந்தனை வரலாற்றில் அவர்களுக்குரிய இடத்தை நான் மறுக்கவில்லை. இலக்கியத்துக்கு அவர்களால் விளைந்தது இழப்பே என்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

நெடுவழி அவர்கள் தந்திருக்கும் செய்திகள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

அந்தத் தலைமுறை எந்த மண்ணில் எழுதியது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1697 சனவரியில் தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற 20 வயது மாணவர், கடவுளை இகழ்ந்து பேசினார் என்ற குற்றத்துக்காக எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பதினான்கே ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் ஹ்யூம். அவருக்கு 1745இல் எடின்பரோவிலும், பின்னர் கிளாஸ்கோவிலும் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டதற்கு அவருடைய மதக் கருத்துகளே காரணம். 1756இல் ஜான் ஹோம் என்ற போதகர் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றியதற்காகத் திருச்சபையின் சினத்துக்கு ஆளாகி, மறு ஆண்டே பதவியை விட்டு விலக நேர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஆங்கில உரைநடை என்பது தன் ஊராரின் தீர்ப்பிலிருந்து தப்பி இலண்டனிலும் பாரிசிலும் வாசகர்களைத் தேடிக்கொள்ளும் வழியாகவும் இருந்தது.

வகுப்பறையில் ஆங்கிலம் அகற்றியது எதை என்பதையும் பாருங்கள். கிளாஸ்கோவில் ஃபிரான்சிஸ் ஹட்செசன் அறவியல் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கியபோது, அங்கிருந்து விலகியது இலத்தீன். அந்த வகுப்பில் அமர்ந்து கேட்டவர்களில் ஒருவர்தான் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்.

அடுத்து, கவிதையும் கதையும் மட்டுமே இலக்கியம் என்று நெடுவழி அவர்கள் வரம்பு கட்டிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. நாடுகளின் செல்வத்தைப் பற்றி 1776இல் வெளிவந்த ஸ்மித்தின் பெருநூல் ஒரு குண்டூசிப் பட்டறையில் தொடங்குகிறது. ஒருவர் கம்பியை இழுக்கிறார், இன்னொருவர் நேராக்குகிறார், மூன்றாமவர் வெட்டுகிறார், நான்காமவர் முனையைக் கூராக்குகிறார், ஐந்தாமவர் தலை பொருத்துவதற்காக மறுமுனையைத் தேய்க்கிறார். இப்படிப் பதினெட்டு வேலைகளாகப் பிரித்துக்கொண்டு பத்துப் பேர் ஒரே நாளில் 48,000 ஊசிகளைச் செய்கிறார்கள். அதே ஆசிரியர் நூலின் ஐந்தாம் பகுதியில், வாழ்நாள் முழுவதும் இப்படி ஓரிரு எளிய செயல்களையே செய்துகொண்டிருப்பவர் ஒரு மனிதர் எந்த அளவுக்கு மந்தமாகவும் அறியாமையிலும் ஆழ முடியுமோ அந்த அளவுக்கு ஆழ்ந்துபோகிறார் என்று எழுதுகிறார். தான் முதலில் வியந்து காட்டிய பட்டறைக்கே திரும்பிவந்து, அங்கே வேலை செய்யும் மனிதரின் முகத்தை நமக்குக் காட்டும் அந்த எழுத்தை இலக்கியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஹ்யூம் இறந்தபின் 1779இல் வெளியான சமயம் பற்றிய உரையாடல்களில், மூவர் கடவுளைப் பற்றி வாதிட, ஆசிரியர் எவர் பக்கம் நிற்கிறார் என்பதில் அறிஞர்கள் இன்றுவரை முரண்படுகிறார்கள். அத்தகைய பாத்திரப் படைப்பு ஒரு நாடகாசிரியரிடம் எதிர்பார்க்க வேண்டியது.

இனி ஸ்காட்ஸ் மொழிக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். தேவாலயத்தில் முன்வரிசைச் சீமாட்டியின் புதிய தொப்பியில் ஊர்ந்து செல்லும் பேனைப் பார்த்து அவர் பாடிய பாட்டு, பிறர் நம்மைக் காண்பதுபோல் நம்மை நாமே காணும் வரத்தை ஏதேனும் ஒரு சக்தி நமக்கு அருளாதா என்ற ஏக்கத்தில் முடிகிறது. பிறர் கண்ணால் நம்மை நாம் காண்போமானால் நம்மைத் திருத்திக்கொள்ளாமல் இருக்க முடியாது என்று ஸ்மித் 1759ஆம் ஆண்டின் அறவுணர்ச்சி நூலில் எழுதியதைப் பர்ன்ஸ் படித்திருந்தார். பின்னர் ஒரு நண்பருக்கு ஸ்காட்ஸ் மொழியிலேயே எழுதிய கவிதைக் கடிதத்தில் ஸ்மித்தின் பரிவுணர்ச்சியையும் தத்துவவாதி தாமஸ் ரீடின் இயல்பறிவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அறிவொளிச் சிந்தனை ஸ்காட்ஸ் கவிதையை அழித்தது என்றால், அதன் மிகப் பெரிய கவிஞர் அந்தச் சிந்தனையை உண்டு வளர்ந்தவராக இருப்பது எப்படி?

நெடுவழி எழுதியது:

பர்ன்ஸ் படித்தவர் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவர் படித்தவர் என்பதை எடின்பரோவின் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பதே என் கேள்வி.

கில்மார்னாக் நகரில் 1786 சூலை 31 அன்று 612 படிகளாக, மூன்று ஷில்லிங் விலையில் அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. ஸ்காட்ஸ் வழக்கு விளங்காமல் போய்விடும் என்று பிளேர் எழுதி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் எடின்பரோ எழுத்தாளர் ஹென்றி மெக்கன்சி எழுதிய புகழ்பெற்ற மதிப்புரை, பர்ன்ஸை வானமே கற்பித்த உழவன் என்று கொண்டாடியது. வானம் கற்பித்தது என்றால் புத்தகம் கற்பிக்கவில்லை என்று பொருள். ஸ்மித்தைப் படித்த ஒருவருக்குக் கிடைத்த பாராட்டு இதுதான். ஸ்காட்லாந்திலேயே இந்த வழக்கைப் படிப்பது கடினமாகி இன்பம் குன்றிவிடுகிறது என்ற வருத்தமும் அதே மதிப்புரையில் இருக்கிறது.

1787ஆம் ஆண்டு எடின்பரோ பதிப்பு தயாரானபோது, மதுக்கடையில் கூடும் பிச்சைக்காரர்களும் முடமான போர்வீரரும் பாடிக் களிக்கும் நீண்ட பாடற்கோவையைச் சேர்க்க வேண்டாம் என்று பிளேர் அறிவுரை சொன்னார். பர்ன்ஸின் துணிவு முழுவதும் வெளிப்படும் படைப்பு அது. அவர் உயிரோடிருந்தவரை அது அச்சேறவில்லை. அறிவொளி அவருக்கு ஊட்டியது என்று செங்காந்தள் அவர்கள் சொல்லும்போது, அதே கை அவர் வாயைப் பொத்தியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆற்றுப்படை எழுதியது:

இருவரும் ஸ்காட்ஸ் மொழியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் வழங்கும் கேலிக் மொழி இந்த வழக்கில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்படாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

1760 முதல் ஜேம்ஸ் மாக்பெர்சன், மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓசியன் என்னும் கேலிக் பாணனின் பாடல்களைக் கண்டெடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்ததாகச் சொல்லி வரிசையாக நூல்களை வெளியிட்டார். பிளேர் 1763இல் அவற்றைப் போற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். ஐரோப்பா முழுவதும் அந்த மூடுபனிக் குரலைக் கேட்டு உருகியது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் டங்கன் பான் மாக்கின்டயர் என்ற மலைநாட்டுக்காரர், மான் காடுகளில் காவலராக இருந்துவிட்டு எடின்பரோவுக்குக் குடிவந்து, நகரக் காவற்படையில் சேர்ந்து தெருக்களில் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. பாடல்களை மனத்திலேயே இயற்றிச் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். 1768இல் எடின்பரோவிலேயே அவை நூலாக வந்தன. பென் டோரன் மலையைப் பாடும் அவருடைய நீண்ட கவிதை, மலைநாட்டுக் குழலிசையின் அமைப்பைப் பின்பற்றி, ஒரு மெட்டை நிறுவி, அதை விரித்து, வேகமெடுத்து, மீண்டும் முதல் மெட்டுக்கே வந்து சேர்கிறது. மான் எங்கே மேயும், எந்த ஊற்றில் நீர் குடிக்கும், காற்று எந்தத் திசையில் வீசினால் தலையை உயர்த்தும் என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவரின் கண் அதில் இருக்கிறது. ஓசியனின் மலைகளில் நீங்கள் மூடுபனியைத்தான் பார்க்கலாம். டங்கன் பானின் மலையில் ஒவ்வொரு புல்லும் தெரியும்.

தொன்மையான கேலிக் கவிஞரைத் தேடி அறிஞர்கள் அலைந்த நகரத்தில், மெய்யான கேலிக் கவிஞர் இரவுக்காவல் பார்த்துக்கொண்டிருந்தார். மலைநாட்டுச் சமூகம் மனித வளர்ச்சியின் முந்தைய படி என்று நம்பிய ஒரு தத்துவத்துக்கு இறந்துபோன பாணனே வசதியாக இருந்தான் என்று நான் கருதுகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

ஆற்றுப்படை அவர்கள் டங்கன் பானைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. ஆனால் ஓசியன் விவகாரத்தில் அறிஞர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகாது. தொடக்கத்தில் ஆர்வம் காட்டிய ஹ்யூம், 1763இல் பிளேருக்கு எழுதிய கடிதத்தில், ரசனையைக் கொண்டு வாதிடுவதை விட்டுவிட்டு, இந்தப் பாடல்கள் மலைநாட்டில் மெய்யாகவே பாடப்படுகின்றனவா என்று அங்குள்ள போதகர்களிடமிருந்து சாட்சியம் திரட்டுமாறு வலியுறுத்தினார். பின்னர் மலைநாட்டுச் சங்கம் அமைத்த குழு 1805இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பழைய கதைப்பாடல்கள் மக்களிடையே உண்மையில் வழங்கிவந்தன. ஆனால் மாக்பெர்சனின் நூல்களோடு பெயராலும் பொருளாலும் ஒத்துப்போகும் கவிதை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. நாட்டின் புகழுக்கே ஊறு விளையும் என்று தெரிந்தும் சான்று கேட்டது அந்த அறிவொளி மரபுதான். அப்படித் தேடியபோது கேலிக் சுவடிகளும் வாய்மொழிப் பாடல்களும் திரண்டன.

மலைநாட்டைப் பற்றிய தத்துவம் தொலைவிலிருந்து வந்தது என்பதும் முழு உண்மையன்று. குடிமைச் சமூகத்தின் வரலாற்றை 1767இல் எழுதிய ஆடம் ஃபெர்குசன் கேலிக் பேசியவர். மலைநாட்டுப் படைப்பிரிவில் போதகராக இருந்து, வீரர்களுக்குக் கேலிக்கிலேயே அருளுரை நிகழ்த்தியவர். வணிகம் செழிக்கும் சமூகத்தில் மனிதர் ஒருவரையொருவர் இழந்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சியதற்கு, அந்த வீரர்களோடு கழிந்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1786–87 குளிர்காலத்தில் அதே ஃபெர்குசனின் வீட்டுக்குப் பர்ன்ஸ் வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தில், பனியில் ஒரு போர்வீரன் இறந்து கிடக்கிறான். ஒரு பக்கம் அவனுடைய நாய், மறுபக்கம் கைக்குழந்தையோடு அவன் மனைவி. படத்தின் கீழிருந்த வரிகளைப் படித்துக் கண்கலங்கிய பர்ன்ஸ், அவற்றை எழுதியவர் யார் என்று கேட்டபோது, அறையில் இருந்த அறிஞர்களில் எவருக்கும் தெரியவில்லை. ஒதுங்கி நின்ற 15 வயதுச் சிறுவனுக்கு மட்டுமே லாங்ஹார்ன் என்ற பெயர் நினைவிருந்தது. அந்தச் சிறுவன் வால்டர் ஸ்காட். பழைய சமூகமும் புதிய சமூகமும் மோதிக்கொள்ளும் கதைகளை 1814 முதல் ஐரோப்பாவுக்கே கற்றுக்கொடுத்த நாவலாசிரியர் வளர்ந்தது அத்தகைய வீடுகளில்தான். இழப்பு என்ற தலைப்பின்கீழ் அதை எழுத என் மனம் ஒப்பவில்லை.

நெடுவழி எழுதியது:

அந்த அறையில் இருந்திருக்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். ராபர்ட் ஃபெர்குசன் என்ற கவிஞர், மேற்சொன்ன தத்துவவாதிக்கு உறவினர் அல்லர். 1750இல் எடின்பரோவில் பிறந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, சட்ட ஆவணங்களைப் படியெடுக்கும் எழுத்தராகப் பிழைத்தவர். நகரத்தின் புகையையும் சிப்பிக் கடைகளையும் நீதிமன்ற விடுமுறை நாட்களின் வெறுமையையும் ஸ்காட்ஸில் பாடினார். 1774இல், 24 வயதில், எடின்பரோவின் மனநல விடுதியில் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவருடைய புதைகுழிக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. 1787இல் கல் நாட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர் பர்ன்ஸ். செலவையும் அவரே ஏற்றார். பரிவுணர்ச்சியைப் பற்றி உலகம் போற்றும் நூலை எழுதிய தலைமுறை, தன் தெருவிலேயே வாழ்ந்த இவரைக் கண்டுகொள்ளவில்லை.

ஆற்றுப்படை எழுதியது:

நெடுவழி அவர்கள் சொல்லும் ராபர்ட் ஃபெர்குசனை நானும் விரும்பிப் படிப்பவன். ஆனால் நகரக் காவற்படையைக் கறுப்புக் கொள்ளைக்கூட்டம் என்று பழித்தவரும், மலைநாட்டுக் காவலர்களின் பேச்சை நையாண்டி செய்தவரும் அவரே. டங்கன் பான் அந்தக் காவற்படையில்தான் இருந்தார். ஆங்கிலத்தால் தாழ்த்தப்பட்ட ஸ்காட்ஸ், தனக்கும் கீழே ஒரு மொழியை வைத்துக்கொண்டது. ஆகவே இதை ஆங்கிலத்துக்கும் ஸ்காட்ஸுக்கும் இடையிலான வழக்காக மட்டும் சுருக்க நான் உடன்பட மாட்டேன்.

செங்காந்தள் அவர்களுக்கு ஒரு செய்தி. 1805ஆம் ஆண்டு அறிக்கையைச் சான்று தேடும் மனத்தின் சாதனையாகக் காட்டினீர்கள். அதை நானும் மதிக்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு, 1804இல், டங்கன் பானின் பாடல்கள் மூன்றாம் பதிப்பாக அச்சேறியிருந்தன. அவர் 1812 வரை எடின்பரோவில் உயிரோடிருந்தார். குழு விசாரித்தது ஓசியன் உண்மையா என்பதை. கேலிக்கில் இப்போது யார் பாடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்று விசாரிக்க எவரும் ஒரு குழுவை அமைக்கவில்லை.