குடியாத்தம் பக்கம் மூட்டு வலியோடு காய்ச்சல்: தகவல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். கொஞ்ச நாளாக ஓ.பி.க்கு வருகிற பலருக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. திடீரென்று கடும் காய்ச்சல். மூணு நாலு நாளில் இறங்கிவிடுகிறது, மூட்டு வலி மட்டும் விடுவதில்லை. நேற்று வந்த நெசவுக்கார அம்மாவால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டும் வீங்கி, கையெல்லாம் சிவப்புத் தடிப்பு. சளி, இருமல் யாருக்கும் பெரிதாக இல்லை. 2006-ல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியாதான் ஞாபகம் வருகிறது.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் சில நாளில் அடுத்தவருக்கு. தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடாமல் வைக்கிறார்கள். சிக்குன்குனியாவைப் பரப்புகிற, பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு பெருக அது போதாதா?

பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், பள்ளிகொண்டா பக்கம் வேலை செய்கிறவங்க, உங்க ஓ.பி.யிலும் இப்படியா? ஊர், காய்ச்சல் தொடங்கிய நாள், எந்த மூட்டு, இவ்வளவு போதும். நோயாளி பெயர் வேண்டாம்.

ஐ.ஜி.எம். பரிசோதனையில் (நோய்க்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவது) முதல் சில நாளில் தெரியாமல் போகலாம். ஐந்து நாள் தாண்டியவர்களின் ரத்தத்தை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்ப என்ன வழி? தெரிந்தவங்க தயவுசெய்து சொல்லுங்க. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம் என்று உங்களிடம் வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுங்க.