சீரியம் ஆக்சைடைக் கூட்டினால் எத்தனால் மின்னோட்டம் குறைவது ஏன்?

ஜூரோங் மாணவி:
வணக்கம். கார்பன் பொடியும் சீரியம் ஆக்சைடும் கலந்த தாங்கியில் எத்தனாலை ஆக்சிஜனேற்றி மின்னோட்டம் தரும் வினையூக்கியாகப் பல்லேடியம் நானோத்துகள்களைப் படியவைத்து, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் 1 மோலார் எத்தனாலும் சேர்ந்த கரைசலில் சோதித்து வருகிறேன். ஆக்சைடு தன் மேற்பரப்பிலிருந்து ஹைட்ராக்சிலைக் கொடுப்பதால், பல்லேடியத்தில் ஒட்டிக்கொள்ளும் இடைப்பொருள்கள் விரைவில் அகலும் என்று படித்திருந்தேன். ஆனால் ஆக்சைடின் பங்கை 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, பல்லேடியத்தின் எடை மாறாதபோதும் உச்ச மின்னோட்டம் பாதியாகிவிட்டது. மின்னழுத்தத்தை ஏற்றும்போது வரும் முன்னோக்கிய உச்சத்துக்கும், இறக்கும்போது வரும் பின்னோக்கிய உச்சத்துக்கும் உள்ள விகிதம் மட்டும் கூடியிருக்கிறது. நச்சேற்றம் (இடைப்பொருள்கள் ஒட்டிப் பல்லேடியத்தை முடக்குவது) குறைந்தது என்று இதை வைத்து எழுதலாமா?

கென்ட் ரிட்ஜ் வாசகர்:
நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அது பாதி உண்மை. சீரியம் ஆக்சைடு அறை வெப்பநிலையில் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஹைட்ராக்சில் தரும் ஆக்சைடும், எலக்ட்ரானை வாங்கிச் செல்லும் கார்பனும், எத்தனாலைக் கொண்டுவரும் கரைசலும் ஒரே பல்லேடியம் துகளை எட்டினால்தான் அந்தத் துகள் வேலை செய்யும். 60 சதவீதத்தில் பல துகள்கள் ஆக்சைடுத் திட்டுகளின் நடுவே வழியின்றி நின்றுவிடும். எடைக்கணக்கில் அவை இருக்கும், வினையில் இருக்காது. எத்தனால் இல்லாத கரைசலில் பல்லேடியம் ஆக்சைடு ஒடுங்கும் (ஆக்சிஜனை இழந்து உலோகமாகும்) உச்சத்தின் மின்னூட்டத்தை அளந்து, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 420 மைக்ரோகூலம் என்று வகுத்துப் பாருங்கள். அப்படிக் கிடைக்கும் பரப்பைக் கொண்டு மின்னோட்டத்தை வகுத்தபின் வேறுபாடு மறைந்துவிட்டால், குற்றம் ஆக்சைடின் வேதியியலில் அல்ல, மின்தொடர்பில்தான். மாதிரியை ஹைட்ரஜனில் மிகுந்த சூட்டில் ஒடுக்கியிருந்தால் இன்னொரு ஐயமும் உண்டு: டைட்டானியம் ஆக்சைடுத் தாங்கியில் 500 பாகை செல்சியஸ் அளவில் ஒடுக்கும்போது உலோகம் வாயுக்களை ஏற்கும் திறனை இழப்பதை 1978-இலேயே ஆய்வாளர் டாஸ்டரின் குழுவினர் காட்டினார்கள், தாங்கியின் மெல்லிய படலம் துகளை மூடிக்கொள்வதே அதற்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் தெளிவானது.

பழைய ஆய்வாளர்:
அந்த விகிதத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். பின்னோக்கிய உச்சம் மிச்சப் பொருள் எரிவதல்ல. தன்மேல் படிந்த பல்லேடியம் ஆக்சைடு நீங்கிப் புதிதாகிய பல்லேடியத்தில் கரைசலிலுள்ள எத்தனாலே மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் பெரும்பாலும் அங்கே தெரிகிறது, மேல் மின்னழுத்த எல்லையை மாற்றினாலே விகிதமும் மாறும். நிலையான மின்னழுத்தத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுவது நேர்மையான சோதனை. விளைபொருளையும் பாருங்கள்: காரக் கரைசலில் பல்லேடியம் பெரும்பாலும் 4 எலக்ட்ரானுடன் அசெட்டேட்டில் நின்றுவிடும், முழு ஆக்சிஜனேற்றத்துக்கு 12 வேண்டும்.

(நம் ஊர் ஈரப்பதத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் திறந்து வைத்தால் எடைபோடுவதற்குள் நீர்த்துப்போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.)

ஜூரோங் மாணவி:
மிக்க நன்றி. மின்னூட்டத்தை அளந்தேன்; பரப்பும் ஏறக்குறையப் பாதியாகவே குறைந்திருக்கிறது. விகிதம் பற்றிய பத்தியை நீக்கிவிட்டேன். அடுத்து ஆக்சைடை 20 சதவீதத்திலேயே நிறுத்தி, அதைக் கார்பன்மேல் இன்னும் சிறு துகள்களாகப் பரப்பிப் பார்க்கப்போகிறேன்.