ஒன்பதரை மணி சீரியலும் ஒன்பதரை மணி ஊசியும்

எங்கள் வீட்டில் குழந்தையின்மை வைத்தியம் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இராத்திரி சீரியல் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள். என் பிரச்சினையே அதுதான். ஊசி வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், "அந்தப் புள்ள ஒரே தடவதானே ஆஸ்பத்திரிக்குப் போச்சு, நீ மட்டும் ஏன் மாசம் பூரா பஸ்ஸேறுறே?" என்று அயித்தை கேட்பதற்குப் பதில் சொல்லி மாளவில்லை. (அயித்தை என்றால் மாமியார்தான், எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, உடன்பிறந்தவர். முறை மாப்பிள்ளையைக் கட்டியவள் நான். டாக்டர் முதல் நாளே அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.)

சீரியலில் என்ன காட்டுகிறார்கள்? மருமகள் அடுப்படியில் மயங்கி விழுவாள், குடும்ப டாக்டர் நாடி பிடித்துவிட்டு இனிப்பு எடுக்கச் சொல்வார். வைத்தியம் என்று கொஞ்சம் விரிவாகக் காட்டினால் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர், பின்னால் வீணை, அடுத்த வாரம் வளைகாப்பு. டெஸ்ட் டியூப் என்று பேர்தான் இருக்கிறதே தவிர, உள்ளங்கையில் அடங்கும் ஒரு தட்டையான மூடிக்கிண்ணத்தில்தான் கரு வளர்க்கிறார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு இன்னும் குழாய்தான். 1990-ல் சென்னையில் ஜெமினி கணேசன் மகள் டாக்டர் கமலா செல்வராஜ் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்த சேதி பேப்பரில் வந்ததாம், அதிலிருந்து அப்பத்தா மனதில் ஏதோ ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு படம்.

எனக்கு நடந்தது வேறு. ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே, விந்தணுவை நேரே கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ இரண்டு தடவை, அதெல்லாம் முடிந்து, முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைக்கும் ஐவிஎஃப். பதினோரு நாள் வயிற்றில் ஊசி. ஒன்று விட்டு ஒரு நாள் காரைக்குடியிலிருந்து அஞ்சரை மணி பஸ், திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை, ஒரு ஸ்கேன், ஒரு ஊசி, திரும்பி வந்து மத்தியானச் சமையல். நாடகத்துக்கு இதில் ஒன்றுமே இல்லை, எவன் எடுப்பான்?

ஆனால் ஒரு நாள் நாடகமாகவே நடந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு முட்டை எடுக்கப்போகிறார்கள், அதற்குச் சரியாக 36 மணி நேரம் முன்னால், அதாவது புதன் இரவு ஒன்பதரைக்கு, முட்டையை முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசி போட்டாக வேண்டும், முன்னே பின்னே ஆகக்கூடாது. வியாழன் கானாடுகாத்தானில் எங்கள் பங்காளி வீட்டுச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். புதன் இராத்திரியே போகாவிட்டால் பேச்சு வரும், ஒரு புள்ளி (கல்யாணமான ஒரு ஜோடி எங்கள் பக்கம் ஒரு புள்ளி) குறைந்தால் அந்த வீட்டில் எண்ணிப் பார்க்க ஆள் உண்டு. காபி பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு அதற்குள் ஊசியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனோம். வளவு முழுக்க, அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றி, பாய் விரித்துப் பொம்பளைகள் டிவி பார்க்கிறார்கள், சீரியல் ஆரம்பப் பாட்டு வருகிறது, நான் பக்கத்து அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து சேலையை விலக்கிப் பிடித்திருக்க, இவர் செல்போன் வெளிச்சத்தில் கை நடுங்க மருந்தை ஏற்றுகிறார். வெளியே டிவியில் கதாநாயகி வாந்தி எடுத்துவிட்டாள். வளவே "அடடா" என்றது. எங்களுக்குச் சிரிப்பு வந்து ஊசி வளையப் பார்த்தது.

அப்புறம் எண்ணிக்கை. எடுத்தது 12 முட்டை. முதிர்ந்தவை 9. கருவானவை 6. ஐந்தாம் நாள் மிஞ்சியது 3. ஒவ்வொரு நாளும் போன் வரும்போது ஒன்றிரண்டு குறையும், நம்மைக் கேட்டா குறைகிறது? இந்தக் கழித்தல் கணக்கை எந்தச் சீரியலிலும் நான் பார்த்ததில்லை.

கருவை உள்ளே வைக்கும் நாளில் மூத்திரப்பை நிறைந்திருந்தால் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். டாக்டர் வர முக்கால் மணி நேரம். தெய்வீக அனுபவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் நினைத்ததெல்லாம் பாத்ரூம்தான். என் பெயர், இவர் பெயர் என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டுச் சரிபார்த்தார்கள், சீரியலில் மாதிரி மாறிப்போகும் கதைக்கு இங்கே ஆளாளுக்குக் காவல். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி போனது. கருவைப் பார்த்துவிட்டேன் என்று அழுதேன். அது கருவோடு போகும் காற்றுக்குமிழியாம், கரு கண்ணுக்குத் தெரியாதாம். போகட்டும், அழுதது அழுததுதான்.

பதினாலாம் நாள், கரு தங்கியதா என்று சொல்லும் பீட்டா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து தேன்குழல் சுட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, கையெல்லாம் எண்ணெய். பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொன்னேன். "ஆச்சி, ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு. பாஸா?" என்றான். ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை என்று அர்த்தம். சீரியலில் மாதிரி டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு "ஐ ஆம் சாரி" சொல்லவில்லை. ஈடு கருகிவிடும் என்று எடுத்துவிட்டு, அப்புறம்தான் இவருக்குப் போன் போட்டேன்.

தேவகோட்டை மாஸ்டர் எழுதியது:

சகோதரி, ஆம்பளை பக்கத்தையும் சொல்கிறேன். எந்தச் சீரியலிலாவது கதாநாயகன் கையில் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டுக்காரியை இரண்டு வருடம் எல்லா டெஸ்ட்டும் எடுக்கவைத்த பிறகுதான் என்னை எடுக்கச் சொன்னார்கள், நானும் அதற்கு முன் வாயைத் திறக்கவில்லை, அது என் தப்பு. தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு அறை, சுவரில் முருகன் காலண்டர், வெளியே "ஆச்சா சார்?" என்று ஒருவர். முருகனைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டில் மில்லிக்கு 40 லட்சம் விந்தணு. கேட்டால் பெரிய தொகை மாதிரி இருக்கும், 1 கோடியே 60 லட்சத்துக்குக் கீழே போனாலே குறைவு என்கிறார்கள். நான் கல்யாணச் சமையல்காரன், ஒரு நாளில் பத்து மணி நேரம் விறகடுப்பு முன்னால் நிற்பவன். சூடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். புது அணுக்கள் உருவாகி வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகுமாம், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த மூன்று மாதம் பையன்களை அடுப்பில் விட்டுவிட்டு நான் காய்கறி நறுக்கினேன். அப்பச்சியிடம் நானே போய், குறை என்னிடம்தான் என்று சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

புதுவயல் தங்கை எழுதியது:

வாடகைத்தாய்க் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா ஆபரேஷனுக்குப் பணம் வேண்டி ஒரு கல்யாணமாகாத பெண் பிள்ளை சுமக்க வருவாள், அந்த வீட்டு மாப்பிள்ளை மேல் ஆசைப்படுவாள். 2021-ல் வந்த சட்டப்படி அதெல்லாம் நடக்கவே முடியாது. பணத்துக்குச் சுமப்பது குற்றம். சுமப்பவர் மணமாகிச் சொந்தப் பிள்ளை பெற்றவராக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவை, அவருடைய முட்டையையும் எடுக்கக்கூடாது. என் அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது, வாடகைத்தாய்க்கு இந்தச் சட்டம் கேட்கும் காகிதங்களுக்கு அலைந்து அலைந்து செருப்புத்தான் தேய்ந்தது. கடைசியில் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். நம் பக்கம் சுவீகாரம் புதுசா என்ன, கண்ணதாசனே அப்படிப் போனவர்தானே. சீரியலில் மட்டும் அது இருபது வருட ரகசியமாக இருந்து கல்யாணத்தன்று உடையும். எங்கள் வீட்டு வாண்டு, "என்னைக் கூட்டியாந்தப்ப எந்த வண்டியில வந்தோம்?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்கிறான், வண்டி நிறம் வரைக்கும் சொன்னால்தான் அடுத்த வாய் இறங்கும்.

முதலில் எழுதியவள்:

மாஸ்டர், அந்தக் காலண்டரை எங்கள் வீட்டில் படித்துக் காட்டினேன், இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அவர் போன அறையில் பிள்ளையார் இருந்தாராம். எங்களுக்கு இன்னும் இரண்டு கரு உறைநிலையில் இருக்கிறது, வருடா வருடம் வாடகை கட்டுகிறோம். தை பிறந்ததும் போகலாம் என்றிருக்கிறோம். அதற்குள் அயித்தை ஒரு நாள் என்னோடு மதுரைக்கு வந்து நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இருந்த எல்லோரிடமும் பேசி எல்லோர் கணக்கையும் வாங்கிக்கொண்டார். நேற்று ராத்திரி சீரியலில் மறுபடி ஒருத்தி மயங்கி விழுந்தாள், டாக்டர் நாடி பிடித்தார். அயித்தை வெற்றிலையை மடித்தபடி டிவியைப் பார்த்துக் கேட்டார்: "பீட்டா எத்தனையாம்?"