விருலென்ஸ் ஃபேக்டருக்குத் தமிழ் என்ன? (குடல் ஒட்டுண்ணிப் பாடம், கொஞ்சம் அவசரம்)

அரும்பு:
நண்பர்களே, வணக்கம். குடல் ஒட்டுண்ணிகள் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். ‘விருலென்ஸ் ஃபேக்டர்’ (கிருமி நோயை உண்டாக்கவும் கடுமையாக்கவும் உதவும் பொருள்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அமீபா குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு லெக்டின் (சர்க்கரையைப் பற்றும் புரதம்), சளிப்படலத்தைக் கரைக்க சிஸ்டீன் புரோட்டியேஸ் நொதிகள், செல்லில் துளை போட அமீபாபோர். எல்லாமே புரதங்கள், எல்லாவற்றுக்கும் மூலத்தில் இதே பெயர். ‘நச்சுத்திறன் காரணி’ என்று போட்டிருந்தேன். “ஒட்டிக்கொள்வதில் நஞ்சு எங்கே இருக்கிறது?” என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

வேரடி:
லத்தீனில் ‘வைரஸ்’ என்றாலே நஞ்சுதான், அந்த வேரில் வந்த சொல் இது. எனவே உங்கள் முதல் சொல் மூலத்துக்குப் பழுதில்லை. ஆனாலும் நம்மிடம் ‘வீறு’ இருக்கும்போது நஞ்சு எதற்கு? தனித்த ஆற்றல் என்று பொருள். ஒன்று மட்டும்: ‘வீறுப்புரதம்’ என்று எழுதிவிடாதீர்கள். நெடில்தொடர்க் குற்றியலுகரம், றகரம் இரட்டிக்கும். சோற்றுப்பானை போல ‘வீற்றுப்புரதம்’. ‘வீற்றிருத்தல்’ இதன் வழி வந்ததே. ‘வீரியம்’ கூட இங்கிருந்து போனதுதான் என்பது என் நெடுநாள் கருத்து, முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன்.

சிற்றுயிர்:
ஐயா, வடமொழி ‘வீர’வும் லத்தீன் ‘விர்’ரும் ஒரே குடும்பம் என்று மொழியியலார் சொல்வார்கள். இரண்டையும் இங்கிருந்து அனுப்பிவைக்க வேண்டாம், விட்டுவிடலாம். வீற்றுப்புரதம் என்றால் அமீபா ஏதோ குடலில் கொலு வீற்றிருப்பது போல இருக்கிறது.

வகுப்பறை:
வீறு என்றால் மாணவர்கள் வீறுநடையைத்தான் நினைப்பார்கள். நோய்க்கிருமிக்கு ஏன் பாராட்டுப் பத்திரம்? வள்ளுவர் ‘நோய்முதல்’ என்று கையில் கொடுத்திருக்கிறார். ‘நோய்முதற் புரதம்’. விளக்கமே தேவையில்லை.

சிற்றுயிர்:
அழகான சொல். ஆனால் நோய்முதல் அந்த அமீபாவேதான், அதன் புரதம் அல்ல.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில். நோய் உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிடிகாவும் எண்டமீபா டிஸ்பாரும் நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசலாக ஒன்றுதான். 1993இல்தான் டிஸ்பாரைத் தனி இனமாக முறைப்படி பிரித்தார்கள். அது குடலில் சாதுவாக வாழ்ந்துவிட்டுப் போகும். ஒட்டிக்கொள்ளும் லெக்டின் அதனிடமும் உண்டு, கேலக்டோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் அதே வகை. ஹிஸ்டோலிடிகாவிடம் உள்ள ஐந்தாம் சிஸ்டீன் புரோட்டியேஸ் மட்டும் டிஸ்பாரிடம் வேலை செய்வதில்லை, மரபணு சிதைந்துபோயிருக்கிறது. அப்படியானால் லெக்டின் நோய் உண்டாக்குகிறதா, வெறுமனே குடியிருக்க உதவுகிறதா? ‘நோய்’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இதற்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

வகுப்பறை:
கொக்கிப்புழுவை வைத்துப் பாருங்கள். குடற்சுவரைக் கடித்ததும் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு புரதத்தை விடுகிறது. குடித்த இரத்தத்தின் ஹீமோகுளோபினைச் சில நொதிகள் படிப்படியாக வெட்டி உணவாக்குகின்றன. புழுவுக்கு அது சாப்பாடு, நமக்கு இரத்தசோகை. வளர்ச்சிக்கான புரதம் எது, நோய்க்கான புரதம் எது என்று அங்கே கோடு கிழிக்க முடியுமா? நான் வகுப்பில் ‘நோயாக்கு காரணி’ என்றுதான் சொல்கிறேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. பிள்ளைகளுக்கும் புரிகிறது.

வேரடி:
‘காரணி’ வடசொல். ‘ஏது’ என்று வையுங்கள்.

சிற்றுயிர்:
ஐயா, ஏதுவும் ‘ஹேது’தானே?

வேரடி:
அப்படியானால் ‘வன்பொருள்’.

அரும்பு:
ஐயா, அது கணினிக்குப் போய்விட்டது!

சிற்றுயிர்:
அவசரம் என்பதால் நோயாக்கு காரணிக்கு அரை மனதாகக் கை தூக்குகிறேன். ஆனால் பேத்தோஜெனிசிட்டிக்கு ஏற்கெனவே ‘நோயாக்கும் திறன்’ என்று எழுதி வருகிறோம். அது நோயை உண்டாக்க முடியுமா என்பது, விருலென்ஸ் எவ்வளவு கடுமையாக என்பது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழம்பும். அங்கே ‘கடுமை’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். லெக்டினுக்கு ‘ஒட்டுப்புரதம்’ என்று அடைமொழி கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அரும்பு:
சரி, நோயாக்கு காரணி என்றே போடுகிறேன். கடுமையைப் பிரித்து எழுதுகிறேன், அடிக்குறிப்பில் டிஸ்பாரையும் சேர்க்கிறேன். அப்புறம், கோபிக்காமல் இன்னொன்று: அடுத்த பக்கத்தில் ‘ட்ரோகோசைட்டோசிஸ்’ நிற்கிறது. அமீபா உயிரோடு இருக்கும் செல்லைத் துண்டு துண்டாகக் கடித்து விழுங்குவது. கடித்துண்ணலா, கொறித்துண்ணலா?

வேரடி:
முதலில், வீறு பற்றிய என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நான் பின்வாங்கவில்லை. இரண்டாவதற்கு ‘கறித்தல்’. கடித்துத் தின்னல் என்றே பொருள். கறி என்ற சொல்லின் வேரைப் பற்றி இரவு தனி மடல் எழுதுகிறேன்.

வகுப்பறை:
கொறித்துண்ணல். தயவுசெய்து.