பின்சுவருக்கு அப்பால் காப்புக்காடு: வாங்கலாமா?

சிங்காநல்லூர்க்காரன்
வணக்கம். கோவை தடாகம் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 8 சென்ட், கட்டி 11 வருடம் ஆகிறது. பின்சுவர் முடிகிற இடத்தில் காப்புக்காடு ஆரம்பம். மொட்டை மாடியில் நின்றால் எதிரே மலை, சாயங்காலம் மயில் சத்தம். என் மனைவி அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், கிளப்பவே முடியவில்லை. "பின்னாடி எந்தக் காலத்துலயும் எவனும் கட்ட முடியாதுங்க சார்" என்றார் புரோக்கர். அது சரிதான். ஆனால் விலை இங்கே இருப்பதில் பாதிதான் சொல்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது. பின்சுவரில் சின்னதாக ஒரு கேட் வைத்துக் காலையில் வாக்கிங் போகலாம் என்றும் ஒரு யோசனை. அப்பாவும் எங்களோடு இருப்பார். 74 வயது, நாலரைக்கே எழுந்து தெருவில் நடக்கிறவர். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

தாய்ப்பத்திரம்
முதலில் கேட் யோசனையை மறந்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். 1882-ஆம் வருடத்து வனச் சட்டம், இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது.

பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வழக்கம்போலப் பார்ப்பீர்கள். அதைவிட முக்கியம் அளவு. புல வரைபடத்தோடு சர்வேயரைக் கூட்டிப் போய் வனத்துறையின் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். என் நண்பர் வாங்கிய வீட்டில் செப்டிக் டேங்க் 4 அடி காட்டுக்குள் இருந்தது. விற்றவருக்குத் தெரியாதாம்! காட்டு நிலத்துக்குப் பட்டா கிடைக்காது, இடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

அப்புறம் ஹாகா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி. கோவை மலையடிவாரக் கிராமங்கள் பலவும் அதன் பட்டியலில் வருகின்றன. மனைப்பிரிவுக்கு அந்த அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். "வாய்ப்பேச்சு வேண்டாம், பேப்பரைக் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

நரசீபுரம் ரோடு
தொண்டாமுத்தூர் தாண்டி, காட்டோரத்தில் 9 வருடமாக இருக்கிறேன். விற்கிற எண்ணம் இல்லை. அதனால் பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள்.

சமையலறை எந்தப் பக்கம்? எங்களுக்குப் பின்பக்கம், காட்டைப் பார்த்து இருந்தது. மலையைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாம் என்று அதற்காகவே வாங்கினோம். மூன்றாவது வருடம் ஆடி மாதம், ராத்திரி இரண்டே கால் மணி. கரண்ட் இல்லை. சமையலறையில் டப்பா உருள்கிறது. எலி என்று நினைத்து டார்ச்சோடு போனேன். ஜன்னல் கம்பி வளைந்து தொங்குகிறது, உள்ளே தும்பிக்கை மட்டும் தெரிகிறது. கண் தெரியாதவர் தடவுவது மாதிரி ஷெல்ஃபில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. மிளகாய்த்தூள் டப்பாவைத் தொட்டது, விட்டது. புளி ஜாடியைக் கீழே தள்ளியது. மூலையில் 25 கிலோ பொன்னி மூட்டை இருந்தது. அது தட்டுப்பட்டதும் 'புஸ்' என்று ஒரு மூச்சு. ஈரக்காற்று என் முகத்தில் வந்து அடித்தது. அப்புறம் நான் அங்கே நிற்கவில்லை. முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் சுவர் சரிகிற சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் தரையெல்லாம் அரிசி, நடுவில் புளி.

சமையலறையை முன்பக்கம் மாற்றிவிட்டோம். அரிசி 5 கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. தவிடு, புண்ணாக்கு வாசனைக்கும் யானை வரும், பக்கத்தில் மாட்டுக்கொட்டகை இருக்கிறதா பாருங்கள். பழைய சொந்தக்காரர் வைத்த பலா மரம் இரண்டு உண்டு, பிஞ்சிலேயே வெட்டிவிடுகிறோம். மனசு கேட்காதுதான். நாய் வளர்த்தால் ராத்திரி வீட்டுக்குள்ளே. எங்கள் முதல் நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது.

சோலார் வேலி போட்டால் போதும் என்பார்கள். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் ஷாக் குறைந்துவிடும், மாதாமாதம் செதுக்க வேண்டும். தந்தத்தில் ஷாக் அடிக்காது என்பது ஆண் யானைக்கு நன்றாகவே தெரியும், கம்பியைத் தந்தத்தால் தள்ளிவிட்டு வரும். 2023-லிருந்து அந்த வேலிக்கும் வனத்துறையில் பதிவு வேண்டும். யாராவது நேராக ஈபி கரண்ட் கொடுக்கச் சொன்னால் அந்த ஆளோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள். யானை செத்தால் ஜெயில், மனிதர் செத்தால் அதைவிட மோசம்.

அப்பா விஷயம்தான் எனக்குக் கவலை. எங்கள் தெருவில் ஆறரைக்கு முன்னால் யாரும் வாசல் திறப்பதில்லை. மாடியிலிருந்து இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பால் வாங்கவே இறங்குவோம். அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

புரோக்கரை விடுங்கள், அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவரைக் கேளுங்கள். பின்சுவரையும் ஒரு நடை நன்றாகப் பாருங்கள்.

சோமையனூரான்
நான் பிறந்து வளர்ந்ததே தடாகத்தில்தான். 2018 டிசம்பரில் விநாயகன் என்ற காட்டு யானையைப் பிடித்தார்கள், 2019 ஜனவரியில் சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்தார்கள். சின்னத்தம்பியை டாப்ஸ்லிப் பக்கம் கொண்டுபோய் விட்டால், சில நாளில் உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டுக்கு நடந்தே வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு யானை முகாமில் வைத்தார்கள். அதோடு இங்கே யானை வருவது நின்றதா? அடுத்தது வந்தது. "அந்த யானையைத்தான் பிடிச்சுட்டாங்களே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்றபடி எங்கள் ஊர்க் காற்றுக்கு ஈடு கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்காநல்லூர்க்காரன்
எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனோம். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், சமையலறை ஜன்னலைச் சுற்றி மட்டும் புதுப் பூச்சு. பின்சுவர் செங்கல், நடுவில் ஒரு 12 அடிக்கு மட்டும் ஹாலோபிளாக். போன தடவை இதே சுவரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்திருக்கிறோம்! பால்காரரிடம் கேட்டேன். "ரெண்டு தடவைங்க" என்று சிரித்தார்.

கேட் யோசனையை விட்டாச்சு. சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார். மனைவி அந்த மாடியை விடுவதாக இல்லை. ஆறரை மணிக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். "அதுவரைக்கும் நான் என்னடா பண்றது?" என்கிறார். நரசீபுரம் அண்ணா, சமையலறையை மாற்ற எவ்வளவு ஆச்சு?

நரசீபுரம் ரோடு
அப்போது 1,80,000. பாதி பிளம்பிங்குக்கே போனது. இப்போது அது இன்னும் கூடும், விலை பேசும்போது கழித்துக்கொள்ளுங்கள். பழைய சமையலறையில் செருப்பும் சைக்கிளும்தான் கிடக்கின்றன, இதுவரை யாரும் வந்து தடவிப் பார்க்கவில்லை.