ஐரோப்பாவோட குப்பை எமிஷன் டேட்டா, யாராச்சும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

மக்களே, ஐரோப்பிய யூனியன்ல 1990ல இருந்து குப்பையால வர்ற பசுமைக்குடில் வாயு எப்படி மாறியிருக்குன்னு ப்ராஜெக்டுக்கு ஒரு கிராஃப் போடுறேன், ரெண்டு நாளா மண்டை காயுது.

கோடு நல்லா இறங்குது, மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருக்கு. 1999ல வந்த லேண்ட்ஃபில் (குப்பையைக் கொட்டிப் புதைக்கிற இடம்) சட்டம், அப்புறம் 2005ல ஜெர்மனி பதப்படுத்தாத குப்பையைக் கொட்டவே கூடாதுன்னு நிறுத்துனது, இதெல்லாம் காரணம்னு புரியுது. ஆனா கொட்டுறதை நிறுத்தினாலும் பழைய குப்பை பல வருஷம் மக்கி மீத்தேன் விட்டுட்டே இருக்கும்ல, அதான் கோடு சடார்னு விழாம மெதுவா சரியுது போல.

இப்போ சிக்கல் என்னன்னா, குப்பையை எரிச்சு கரண்ட் எடுத்தா அந்த கார்பன் எரிசக்தி கணக்குல போயிடுது, குப்பை கணக்குல வராது. அப்போ நான் காட்டுற குறைவுல பாதி நிஜமா, இல்ல வேற பெட்டிக்கு மாத்தி வெச்சதான்னே சந்தேகமா இருக்கு (பிளாஸ்டிக் எரிஞ்சா சும்மாவா போகும்). அதை மட்டும் தனியா பிரிச்சு எடுத்து சேர்க்க வழி இருக்கா?

இன்னொண்ணு, மீத்தேனை அதுக்குச் சமமான கார்பன் டை ஆக்சைடு அளவா மாத்த, பழைய ரிப்போர்ட்ல 25ஆல பெருக்கியிருக்காங்க, புதுசுல 28. ரெண்டையும் ஒரே கிராஃப்ல போட்டுத் தொலைச்சிட்டேன், நடுவுல ஒரு மேடு நிக்குது. எல்லாத்தையும் டன் மீத்தேனாவே மாத்திட்டு மறுபடி 28ஆல பெருக்கினா சரியாயிடுமா? இந்த டேபிள்களோட மல்லுக்கட்டினவங்க சொல்லுங்க ப்ளீஸ்.